ஊதா அங்கி

ஆண்டவரின் திருவிழா மாதமான அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், பெரு நாட்டின் லிமாவில் பாதிப் பெண்கள் நேர்த்திக்கடனுக்கு ஊதா அங்கி மாட்டி, இடுப்பில் வெள்ளைக் கயிறு கட்டிக்கொள்வார்கள். மாதம் முடியும்வரை சினிமா, ஆட்டம் எதுவும் கூடாது. பதினைந்து வயது ஃபியோரெல்லாவின் பெயரில் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டது அவள் அம்மா நெலிடா. அங்கிக்குள் மாட்டிக்கொண்டது இவள்.

ஆறு மாதமாகக் காத்திருந்த பேய்ப்படம் இந்தப் பாழாய்ப்போன மாதத்திலா வர வேண்டும்? சனிக்கிழமை தோழிகள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

"கழட்டிப் போட்டுட்டு வாடி!" என்றாள் ஷெர்லி. "இல்ல, அப்படியே வா. பேயே உன்னப் பாத்துப் பயந்துடும்."

சிரித்துக்கொண்டே பஸ் ஏறிப் போய்விட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்ற ஃபியோரெல்லாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்படி எனக்காக என்னதான்மா வேண்டிக்கிட்ட? கணக்குல பாஸாகணும்னா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கால்ல சக்கரம் கட்டிட்டு சுத்துற கழுத, ஒரு சனிக்கிழமையாவது வீடு தங்கணும்னுதான்டி. கேட்டதக் குடுத்துட்டார் பாரு! அடுத்த வருசமும் அங்கி போட்டு நன்றி சொல்லிடணும்."