ஆறு தட்டுகளில் மாமியார்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். பயிற்சிக் காரில் ஆசிரியர் அமரும் இருக்கையின் கீழும் ஒரு பிரேக் மிதி உண்டு. அதன்மேல் அவளுடைய கால் எப்போதும் காத்திருக்கும். போதாக்குறைக்கு, "பிரேக்!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் ஓட்டுகிறவர் நிற்கிறாரோ இல்லையோ, எதிரே சைக்கிளில் வருகிறவர் கட்டாயம் நின்றுவிடுவார்.

அந்தக் குரல் ஒருநாள் காலையில் வரவில்லை. தொண்டையைப் பார்த்த மருத்துவர், குரல் நாணில் முடிச்சு விழுந்திருப்பதாகச் சொன்னார். ஒன்றரை மாதம் வாய் திறக்கலாகாது, முணுமுணுக்கவும் கூடாது. மீறினால் போன குரல் போனதுதான்.

பள்ளியின் முதலாளி கல்நெஞ்சர் அல்லர். இருந்தாலும் அவருக்கும் தொழில் நடக்க வேண்டுமே.

"பேசாம எப்படிம்மா கார் ஓட்டச் சொல்லித் தருவே? சைகை காட்டினா அவங்க உன் கையைப் பாப்பாங்களா, ரோட்டைப் பாப்பாங்களா?" என்று மேசையைத் தட்டியபடி யோசித்தார். "சரி, ஒண்ணு பண்ணு. நம்ம நர்ஸம்மாவுக்கு மாசக் கடைசில டெஸ்ட். ஏற்கெனவே மூணு தரம் கோட்டை விட்டவங்க. அவங்களைப் பாஸ் பண்ண வை, காரு உன்கிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா சாவி வேற ஆளுக்குப் போயிரும். அப்புறம் என்மேல கோவப்படக் கூடாது."

அவள் தலையசைத்தாள். வேறென்ன செய்வாள்?

நர்ஸம்மா வீடு வீடாகச் சென்று படுக்கையில் இருப்பவர்களுக்குப் புண் துடைத்துக் கட்டுப் போடுகிறவர். அக்காவைவிட வயதில் மூத்தவர். எவ்வளவு ரத்தம் கண்டாலும் நடுங்காத கை அவருக்கு. ஆனால் சாலையில் ஏதேனும் குறுக்கே வந்தால் கண்களை இறுக மூடிக்கொள்வார். அவர் கண் திறப்பதற்குள் அக்காவின் குரல் அதட்டியிருக்கும், அக்காவின் கால் காரை நிறுத்தியிருக்கும். தேர்வில் பக்கத்தில் இருப்பவர் ஆய்வாளர். அவர் பிரேக்கில் காலை வைக்க நேர்ந்தால் அந்தக் கணமே தோல்வி.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் இதே பேச்சுதான். கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். மாமியாரோ, மாடியில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடியில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சாரீரம் வாய்த்தவர்.

"இதுக்குப் போயி ஏம்மா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? நான் பின்சீட்ல உக்காந்து கத்தறேன். நீ என் தோளைத் தட்டினா போதும்" என்றார் மாமியார்.

"நீ கார்ல ஏறினா தெருமுனை தாண்டறதுக்குள்ள வாந்தி எடுப்பேம்மா."

"அதுக்கு நான் என்னடா பண்றது? என் வயிறு அப்படி."

"உன் வயிறு வேணாம். வாய் மட்டும் இருந்தா போதும்" என்று மகன் சிரித்தார்.

சிரித்த வாய் அப்படியே திறந்து நின்றது. மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் அதே எண்ணம் ஓடியிருக்க வேண்டும். இரண்டு விரல்களால் காற்றில் ஒரு வட்டம் வரைந்து காட்டினாள்.

பயிற்சிக் காரில், காரோடு வந்த ஸ்டீரியோ ஒன்று இருந்தது. ரேடியோ பாடும், டேப் பாடும். சிடி என்றொரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது. அந்த ஸ்டீரியோவைப் பிடுங்கிவிட்டு வேறு மாட்ட முதலாளி சம்மதிக்கமாட்டார். டேஷ்போர்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அவருக்குத் தன் முகத்தில் விழுந்தது போல. ஆனால் அதே நிறுவனத்தின் சிடி சேஞ்சர் என்ற பெட்டியை டிக்கியில் வைத்து, ஸ்டீரியோவின் முதுகில் சும்மா கிடக்கும் துளையில் அதன் ஒயரைச் செருகிவிட்டால் போதும். அந்தப் பெட்டிக்குள் ஆறு சிடித் தட்டுகள் அடங்கும். ஒன்று முதல் ஆறு வரை முன்னால் பொத்தான்கள் உண்டு. கட்டளைக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு பொத்தான். டேப் என்றால் வேண்டிய சொல்லைத் தேடி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் கார் சுவரில் ஏறிவிடும்.

மாமியாரின் குரலைப் பதிவு செய்வதற்குத் துணி அலமாரி தேர்ந்தெடுக்கப்பட்டது. கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் நுழையாது. மாமியார் துணிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு அமர்ந்தார்.

"பிரேக்! அடியே, பிரேக்கை மிதிடி! யார் குடியைக் கெடுக்கப் போறே?"

"அம்மா! அவங்க பீஸ் கட்டிப் படிக்கிறவங்க. மரியாதையா சொல்லு."

"மரியாதையா சொல்லி முடிக்கறதுக்குள்ள எதிர்ல வந்தவன் செத்துருவான்டா."

"பரவால்ல, சொல்லு."

"பிரேக்கை மிதிங்க! யார் குடியைக் கெடுக்கப் போறீங்க?"

இரண்டாம் வாக்கியத்தை நீக்கும்படி எவ்வளவோ கேட்டார்கள். அது இல்லாமல் தமக்கு முதல் வாக்கியம் வராது என்று அவர் சொல்லிவிட்டார். இப்படியே கிளச், கண்ணாடி, இடது, வலது, மெதுவாக என்று ஆறு தட்டுகள் தயாராயின. நிறுத்தும்வரை ஒவ்வொன்றும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளியின் பின்முற்றத்தில் வேலை நடந்தது. பழைய கார்களை உடைத்து விற்கும் கடையிலிருந்து சேஞ்சரை வாங்கி வந்திருந்தார் கணவர். மெல்லிய கம்பிச் சாவிகள் இரண்டைப் பக்கவாட்டில் செருகி, டேஷ்போர்டுக்கு வலிக்காமல் ஸ்டீரியோவை உருவினார். ஒயரைக் கதவோரத்துக் கம்பளத்தின் அடியில் ஓட்டி, பின் இருக்கையைத் தாண்டி டிக்கிக்குக் கொண்டுபோனார். பிராணிகள் பேசும் கதைகளில் போலப் பெட்டிகளும் பேசுமானால், முன்னே இருந்த ஸ்டீரியோ, "நீ யார் வீட்டுப் பிள்ளையப்பா?" என்று விசாரித்திருக்கும். "உன் வீட்டுப் பிள்ளைதான். இத்தனை காலம் வேறொரு காரில் வளர்ந்தேன்" என்று சேஞ்சர் பணிந்து சொல்லியிருக்கும். ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை அல்லவா? செருகியவுடன் சிடி பொத்தான் பச்சையாக ஒளிர்ந்தது.

ஆனால் தட்டு சுழலவில்லை. ஒயரை மூன்று முறை கழற்றி மாட்டினார். பிறகு சேஞ்சரைத் தலைகீழாகத் திருப்பியவர், தம் நெற்றியில் தாமே அடித்துக்கொண்டார். பயணத்தில் உள்ளுறுப்பு அதிராமல் இருக்க இறுக்கிவைத்த சிவப்புத் திருகுகள் இரண்டும் அப்படியே இருந்தன. "கையைக் காலைக் கட்டிப் போட்டுட்டுப் பாடுன்னா எப்படிப் பாடும்?" என்றபடி அவற்றைக் கழற்றினார். மறுநிமிடம் மாமியார் காரின் நான்கு கதவுகளிலிருந்தும் முழங்கினார்.

திங்கட்கிழமை நர்ஸம்மா வண்டியை எடுத்தார். வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அக்கா முதல் பொத்தானை அழுத்தினாள். டிக்கியில் 'கர்ர்ர்' என்று ஓர் ஓசை, பிறகு 'டக்', பிறகு 'ஸ்ஸ்ஸ்'. நர்ஸம்மா கண்ணை மூடினார். அக்காவின் கால்தான் காரை நிறுத்தியது. நாய் சாலையைக் கடந்து, எதிர்ப்புறக் கம்பத்தை மோந்து, தன் காரியத்தையும் முடித்த பிறகு மாமியார் வந்தார்.

"பிரேக்கை மிதிங்க! யார் குடியைக் கெடுக்கப் போறீங்க?"

"யாருங்க டீச்சர் இது?" என்று நர்ஸம்மா அலறினார். "எங்க பழைய ஆஸ்பத்திரி மேட்ரன் மாதிரியே இருக்கு!"

கணவர் இதைக் கேட்டுச் சோர்ந்துபோனார். சேஞ்சர் ஒரு தட்டை உள்ளே வைத்து மற்றொன்றை எடுத்துப் படிப்பதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். அதை மாற்ற வழியில்லை. "தப்புப் பண்ணிட்டேன். கழட்டிரலாம். வேற யோசிப்போம்" என்று புதன்கிழமை மாலை பள்ளிக்கு வந்து டிக்கியைத் திறந்தார்.

அக்கா ஓடிவந்து டிக்கியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை இழுத்துக்கொண்டுபோய்ப் பின் இருக்கையில் அமர்த்தி, பாடத்துக்கு வந்திருந்த நர்ஸம்மாவுக்கு வண்டியை எடுக்கும்படி கை காட்டினாள்.

சந்தைத் தெருவில் ஒரு தள்ளுவண்டி குறுக்கிட்டது. அக்கா பொத்தானை அழுத்தினாள். 'கர்ர்ர்' என்றது டிக்கி. அவ்வளவுதான். நர்ஸம்மாவின் கண்கள் விரிந்தன, கால் பாய்ந்தது, கார் நின்றது. 'டக்' என்ற ஓசை வருவதற்குள் அவரே சிடி பொத்தானைத் தட்டி அணைத்தும்விட்டார்.

"அந்தம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள நிறுத்திட்டேன் பாத்தீங்களா?" என்றார் வெற்றியோடு. "எங்கிட்டயா!"

கணவருக்கு அப்போதுதான் புரிந்தது. அதட்டலும் காலும் உடனுக்குடன் வந்தவரை நர்ஸம்மாவுக்குத் தாமாக எதையும் செய்யத் தேவை இருந்ததில்லை. இப்போதோ திட்டு வருவதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. அதில் தப்பித்துக்கொள்ள வழியும் இருந்தது. நிதானமான அந்தப் பெட்டி, அவசரக்காரர் எவரும் தர முடியாத ஒன்றை அவருக்குத் தந்துவிட்டது.

தேர்வு நாளன்று அக்கா மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே ஏறிய ஆய்வாளர் முதல் வேலையாக ஸ்டீரியோவை அணைத்தார். "பாட்டுக் கீட்டு ஒண்ணும் கூடாது. வண்டியை எடுங்க."

கார் குலுங்காமல் புறப்பட்டது. வளைந்தது, பின்னோக்கி வந்து கோடுகளுக்கு நடுவே நின்றது, சாலையில் இறங்கியது. அப்போது எதிர்க் கிடங்கின் வாயிலிலிருந்து ஒரு சரக்கு வேன் பின்பக்கமாகவே வெளியே வந்தது. வேலிக்கு வெளியே நின்ற அக்காவின் வலக்கால் தானாக மண்ணை மிதித்தது. தொண்டை வரை வந்த குரலைக் கையால் பொத்தி அடக்கினாள்.

கார் நின்றிருந்தது. ஆய்வாளர் காலை அசைக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வேன்காரர்தான் கையெடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"டிக்கில கர்ருன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு டீச்சர்" என்று நர்ஸம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டார். "அப்புறம் நான் ஏன் கண்ணை மூடறேன்? பாஸ் டீச்சர், பாஸ்!"

திரும்பும்போதும் அவரே ஓட்டினார். கடைத்தெருவின் நெரிசலை ஊடுருவிக்கொண்டு வந்து, பள்ளி வாசலில் நின்ற முதலாளியின் செருப்புக்குச் சாண் தூரத்தில் பூப்போல நிறுத்தினார். முதலாளி இரண்டடி பின்வாங்கிய பிறகுதான், பின்வாங்கத் தேவை இருக்கவில்லை என்று உணர்ந்தார்.

"பாஸா?"

"பின்னே? நான் யார்கிட்ட படிச்சவ!" என்றார் நர்ஸம்மா, சன்னலை இறக்கியபடி.

முதலாளி காரைச் சுற்றி வந்தார். டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தார், கீறல் இல்லை. டிக்கியையும் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அக்கா சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவர் அதை எடுக்காமல், அவள் விரல்களையே மடக்கி மூடினார்.

"உன்கிட்டயே இருக்கட்டும்மா. வர்ற வாரம் நம்ம மத்த ரெண்டு காருக்கும் இதே பெட்டியை மாட்ட உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு" என்றார். பிறகு வாசல் பெஞ்சில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்த புது மாணவரைப் பார்த்து, "ரொம்ப பயம்னு சொன்னீங்கள்ல? இந்தக் கார்ல ஏறுங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

அவர் தயங்கித் தயங்கி ஏறினார். அக்கா பக்கத்தில் அமர்ந்து, சாலையை நோக்கி விரலை நீட்டினாள்.