பத்தாவது கிளிப்

கிளிப்பு என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். கார் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடை ஒரு கீறல் விழாமல், அதைக் கதவோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றுகூட உடையாமல் கழற்றி, கழற்றிய சுவடே இல்லாமல் திரும்ப மாட்டுகிற ஆள். மற்ற பட்டறைகளில் ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரே நெம்பாக நெம்பி, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி ஆக்கிவிட்டு, "பழைய வண்டி, அப்படித்தாங்க இருக்கும்" என்று சமாளித்து அனுப்புவார்கள். அந்த வண்டிகள் கடைசியில் இவரிடம்தான் வந்து நிற்கும். வந்தால் திட்டு நிச்சயம். உடைத்தவன் எதிரில் இல்லாததால் வண்டிக்காரர்தான் அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

கை அவ்வளவு சுத்தம். வாய்க்கு அந்தச் சுத்தம் கிடையாது. அதனால் வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் உண்டே தவிர, நின்று இரண்டு வார்த்தை பேசுகிறவர்கள் இல்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கக்கூட இப்போது ஆள் கிடையாது. சில நாள் சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான் அன்றைக்கு மனிதக் குரலில் தான் பேசியதே நாலு வசவு மட்டும் என்று அவருக்கு உறைக்கும்.

எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரம்மா எட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். அவருடைய சாம்பல் நிற வண்டி தினமும் காலை ஒன்பதரைக்கு வந்து, டிரைவர் கதவு பட்டறையைப் பார்த்திருக்க நின்று, ராத்திரி கடை மூடும்வரை அங்கேயே நிற்கும். அன்று காலை அந்த வண்டி நேராகப் பட்டறைக்குள்ளேயே வந்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கி, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று நின்றிருந்தது.

"காலைலேருந்து இப்படியே நிக்குதுங்க. ஏழு வருஷம் முன்னாடி நீங்கதான் இந்தக் கதவைப் பாத்தீங்க" என்றார் கடைக்காரம்மா.

"என் வேலைன்னா இப்படி நிக்காது. வேற கை பட்டிருக்கு."

அந்த அம்மாவின் முகத்தில் திருட்டு முழி. "அஞ்சு வருஷம் முன்னாடி வெளியூர் போயிருந்தப்ப லாக் சிக்கிக்கிச்சு. கதவே திறக்கலை. நடுவழியில என்னங்க பண்றது? பக்கத்துல ஒரு பட்டறைல விட்டேன்."

"விட்டீங்களா? அப்புறம்?"

"நல்லாத்தான் பண்ணாரு. ஆனா மறுநாள்லேருந்து கதவுல கடகடன்னு ஒரே சத்தம். அவரு அப்பவே சொன்னாரு, சத்தம் வந்தா முன்னாடி பாத்தவர்கிட்டயே காட்டுங்கன்னு."

"அரைகுறையா முடிச்சிட்டு என் தலையில கட்டப் பாத்திருக்கான்! ஏன் கொண்டு வரலை?"

"கொண்டு வரலாம்னுதான் நெனச்சேன். வேற ஆள் தொட்டாங்கன்னா நீங்க சும்மா விடமாட்டீங்களே. அந்தத் திட்டுக்குப் பயந்துக்கிட்டு கடை விசிட்டிங் கார்டை நாலா மடிச்சு அந்த இடுக்குல சொருகிட்டேன். சத்தம் நின்னுடுச்சு." இதைச் சொல்லிவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தவர், கடை திறக்க நேரமாகிவிட்டது என்று வேகமாகத் தெருவைத் தாண்டிவிட்டார். திட்டுவதற்கு முன்னால் தப்பித்துவிட வேண்டும் என்கிற வேகம் அது.

கிளிப்பு குனிந்து பார்த்தார். சொன்ன மாதிரியே, பேடின் கீழ்மூலையில் மடித்த அட்டை ஒன்று இருந்தது. அதை உருவினார். உள்ளங்கையால் கதவைத் தட்டினார். கடகட. அந்த மூலையில் கிளிப்பே இல்லை. ஒரு கிளிப்பைப் போடாமல் விட்டிருக்கிறான், சோம்பேறி! யாரென்று தெரியாத அந்த மெக்கானிக்கை, அவன் குலம் கோத்திரம் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தார்.

முதலில் கைப்பிடிக் குழி. அதற்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு மூடி, அதற்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ. தெரியாதவர்கள் கதவை உடைப்பது இங்கேதான். வெளியே தெரிகிற ஸ்க்ரூவையெல்லாம் எடுத்துவிட்டு, முடிந்தது என்று இழுப்பார்கள். ஒளிந்திருக்கிற ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், பேட் நடுவில் பிளந்துவிடும்.

அந்த மூடியைத் தொடும்போதெல்லாம் கிளிப்பு அதை விரலால் இரண்டு தரம் தடவிப் பார்ப்பார். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

அப்போது தம்பியும் கூட இருந்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் பட்டறை நடத்தினார்கள். டோர் பேட் என்பது ஒரு ஆள் தாங்கிப் பிடிக்க, இன்னொரு ஆள் பின்னால் கையை விட்டு ஒயரையும் கேபிளையும் கழற்ற வேண்டிய வேலை. அண்ணன் கழற்றுவார், தம்பி பிடிப்பான். பேடின் பின்பக்கத்தில் தேதியையும், எத்தனை கிளிப் என்பதையும், அடுத்து திறக்கப்போகிறவனுக்கு ஒரு எச்சரிக்கையையும் மார்க்கரில் எழுதிவைக்கிற பழக்கமும் தம்பி கொண்டுவந்ததுதான். "கதவுக்கு லெட்டர் போடுற முதல் ஆள் நீதான்டா" என்று இவர் கிண்டல் பண்ணுவார். "எவனோ ஒருத்தன் பாப்பான்ல, அவனுக்கு உதவும்" என்பான் அவன்.

ஒரு நாள் வக்கீல் ஒருவருடைய பழைய வண்டி வந்தது. அந்த பேட் மறுபடி எங்கே தேடினாலும் கிடைக்காது. "அண்ணா, இன்னொரு ஸ்க்ரூ இருக்குற மாதிரி தோணுது, இரு" என்றான் தம்பி. "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கேட்டுக்கொண்டே இழுத்தார் இவர். படார் என்று பிளந்தது. வக்கீல் வந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். ஒரு கிளிப்கூட உடைக்காத கை என்று ஊரே சொல்கிற கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தம்பி தெரியாம இழுத்துட்டான் சார்" என்று சொன்னார்.

தம்பி அண்ணன் முகத்தை ஒரு தரம் பார்த்தான், அவ்வளவுதான். வக்கீல் போன பிறகாவது இவர் ஏதாவது சொல்வார் என்று இரண்டு வாரம் காத்திருந்தான் போலிருக்கிறது. இவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நம்பரையும் மாற்றிவிட்டான். அத்தை ஒருத்தி மட்டும் எப்போதாவது போன் பண்ணி, "அவன் எங்கேயோ நல்லாத்தான் இருக்கான், நம்பர் வேணுமா?" என்று கேட்பாள். "வேணாம்" என்பார். வேண்டாமல் இல்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று தெரியாததுதான் காரணம். அத்தையும் போய்ச் சேர்ந்த பிறகு கேட்பதற்கும் ஆளில்லாமல் போயிற்று.

ஆனால் மனசு சும்மா விடுமா? தம்பி போன பிறகு வந்த முதல் வண்டியில், தேதியையும் கிளிப் கணக்கையும் எழுதி முடித்த கை நிற்கவில்லை. கீழே இன்னும் இரண்டு வரி எழுதிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு கதவிலும் அதே இரண்டு வரி. எழுதி, மூடி, கிளிப்பை அடித்து அனுப்பிவிடுவார். எத்தனையோ நூறு வண்டிகள் அவருடைய குற்றத்தைக் கதவுக்குள் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. வாய் இருந்தும் மனுஷன் உலகத்தில் இருக்கிற அத்தனை கதவுக்கும் சொன்னார், சொல்ல வேண்டிய ஒருத்தனுக்கு மட்டும் சொல்லவில்லை. இப்படி ஒரு மனிதரை என்ன சொல்லித் திட்டுவது?

ஸ்க்ரூக்கள் வெளியே வந்தன. கண்ணாடி சுவிட்சைத் தூக்கி ஒயரைப் பிடுங்கினார். பிளாஸ்டிக் பட்டையைக் கீழோரத்தில் நுழைத்து, முதல் கிளிப் இருக்கிற இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அதை ஒட்டினாற்போல் நெம்பினார். தள்ளி நெம்பினால் பேட் வளையும், ஒட்டி நெம்பினால் கிளிப் மட்டும் வரும். டப். வந்துவிட்டது.

ஐந்து வருஷம் மூடிக் கிடந்த கிளிப் இவ்வளவு சுலபமாக வராது. எடுத்துப் பார்த்தார். தலையில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்தார். சோப்பு.

கிளிப்பில் சோப்பைத் தடவி மாட்டுகிறவன் அவருக்குத் தெரிந்து ஒரே ஒருத்தன். அடுத்து கழற்றுகிறவனுக்குக் கஷ்டம் இருக்கக்கூடாது என்று தடவுவான். "அடுத்தவன் கஷ்டம் உனக்கெதுக்குடா?" என்று இவர் அதற்கும் சிரித்திருக்கிறார். ஆனால் அவன் ஒரு கிளிப்பைப் போடாமல் விடுவானா? தூக்கத்தில்கூட விடமாட்டானே. கிளிப்பு பட்டையைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தார். இரண்டு, மூன்று, நான்கு. ஒன்பது கிளிப்பும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தன.

பேடை மேல்நோக்கித் தூக்கிக் கண்ணாடி விளிம்பிலிருந்து விடுவித்தார். தாங்கிப் பிடிக்கத்தான் ஆளில்லையே. அதற்கு ஒரு ஸ்டூலும் அதன்மேல் மடித்த சாக்கும் வைத்திருந்தார். "ஆடாம பிடி" என்று வழக்கம்போல ஸ்டூலிடம் சொல்லிவிட்டு, பேடை அதில் சாய்த்து, பின்னால் கையை விட்டுக் கேபிளைக் கழற்றினார். பிறகு பேடைத் திருப்பினார்.

மேலே அவருடைய எழுத்து, ஏழு வருஷம் பழையது. தேதி. கிளிப் பத்து. கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, பார்க்காமல் இழுக்காதே. அதற்குக் கீழே அந்த இரண்டு வரி: வக்கீல் வண்டியை உடைத்தது நான்தான். தம்பி இல்லை.

அதற்கும் கீழே வேறொரு கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் பின்னால் சாய்ந்திருக்கும் அந்தக் கையெழுத்தைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் சொல்லிவிடுவார்.

'கிளிப் ஒன்பது. பத்தாவதை வேணும்னேதான் விட்டேன். சத்தம் வந்தா உன்கிட்டதான் கொண்டுவருவாங்க, நீ இவங்க கடைக்கு எதிர்லயே இருக்கியாமே. உடைச்சது நீன்னு எனக்குத் தெரியாதாண்ணா? பக்கத்துலதானே நின்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எங்கயும் போயிருக்க மாட்டேன். இதைப் பாத்ததும் கூப்பிடு. எத்தனை நாள் ஆனாலும் இந்த நம்பரை மாத்தமாட்டேன்.'

கீழே நம்பர். தேதி, ஐந்து வருஷத்துக்கு முந்தியது. பக்கத்தில் பத்தாவது கிளிப், டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதற்கும் சோப்பு தடவியிருந்தான்.

கிளிப்பு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷம்! தினமும் காலை ஒன்பதரைக்கு இந்தக் கதவு வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றிருக்கிறது. இருபது அடி தூரம். டீயைக் குடித்துக்கொண்டே இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பார்ப்பதற்கு வேறென்ன இருந்தது? அங்கே அவன் போன் அடிக்கும் என்று பார்த்துப் பார்த்து, ஒரு மாதம், ஒரு வருஷம், அண்ணன் படித்துவிட்டும் கூப்பிடவில்லை என்றுதானே முடிவுகட்டியிருப்பான்? நடுவில் நின்றது ஒரு மடித்த அட்டை. அந்த அட்டையைச் சொருக வைத்தது யார்? இவருடைய வாய்தான். கடைக்காரம்மாவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அழுகை வந்தது, அழுதார். பட்டறையில் பார்ப்பதற்கு யாரும் இல்லை.

போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். இருமுறை தப்பாகி, அழித்து, மறுபடி அழுத்தினார். நம்பர் இருக்காது என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொண்டார். மணி அடித்தது. நாலாவது மணியில் யாரோ எடுத்தார்கள். பின்னால் சுத்தியல் சத்தம், ஏதோ ஒரு வண்டியின் உறுமல்.

"பட்டறைங்க. சொல்லுங்க, யாரு?"

குரல் தடித்திருந்தது. அவன்தான். ஒன்பது வருஷமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததெல்லாம் அவருக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"கிளிப்..." என்றார். "கிளிப் பத்தும் சரியா இருக்குடா."

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாயிற்று. போனை எடுத்துக்கொண்டு வெளியே நடக்கிறான் போலிருக்கிறது.

"இப்பத்தான் கழட்டுனியாண்ணா?"

"அந்தம்மா அட்டையை மடிச்சு சொருகிட்டாங்கடா" என்றார் கிளிப்பு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விம்மிக்கொண்டு. "எனக்குச் சத்தமே கேக்கலடா."