ஆளுக்கு இருபது நிமிடம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பெண்ணின் இடது கன்னத்து வலி, ஒரு செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றேகால் மணிக்கு அவளை விட்டுக் கிளம்பி, கடல் தாண்டி ஒரு பனி தேசத்தில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரின் கன்னத்தில் இருபது நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. அந்த இருபது நிமிடத்தில் அவள் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மதியச் சாப்பாட்டை மென்று சாப்பிட்டாள். திரும்பி வந்த வலி கொஞ்சம் சில்லென்று இருந்தது. மற்றபடி வித்தியாசம் ஒன்றும் இல்லை.

காற்று பட்டாலே கரண்ட் அடித்ததுபோல் இழுக்கும் வலி அது. பல்வலி என்று நினைத்து நல்ல பற்கள் இரண்டைப் பிடுங்கிப் பார்த்தார்கள். சிரித்தால் இழுக்கிறதென்று அவள் சிரிப்பதையே விட்டுவிட, "எப்பப் பாரு முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு" என்று நாத்தனார் சொந்தபந்தம் பூராவும் சொல்லி வைத்தாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கணவர் நல்ல மனுஷர்தான். ஆனால் வெளியே தெரியாத வலியைக் கழற்றிப் பார்க்க அவரிடம் ஸ்பானர் இல்லை. 'என்னைப் போல யாராவது இருக்கிறீர்களா' என்று கம்ப்யூட்டரில் அவள் எழுதி வைத்ததற்கு முதலில் பதில் போட்டவர்தான் பியானோக்காரர். அவருக்கும் அதே வலி, வலது கன்னத்தில். "நீங்க சாப்பிடுங்க, அதுவரைக்கும் நான் வச்சுக்கறேன்" என்று எழுதினார். பேச்சுக்கு எழுதியதுதான். வலி அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டது.

அப்படி ஆரம்பித்த குழுவில் ஆறு வருஷத்தில் நாற்பது நாட்டுக்காரர்கள், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்தார்கள். இடது கன்னக்காரர்களின் வலியை வலது கன்னக்காரர்கள் வாங்கிக்கொள்வது, அவர்களுடையதை இவர்கள் வாங்கிக்கொள்வது, ஆளுக்கு இருபது நிமிடம் என்று லென்ஸ்காரம்மா முறை போட்டாள். எல்லாம் பட்டுப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். கேட்காமல் யாருக்கும் வைத்தியம் சொல்லக் கூடாது என்று புரிவதற்குள் கிராம்புத் தைலக்காரர் ஒருவரோடு மூன்று மாதம் சண்டை நடந்தது. யார் வலி பெரிது என்று பேச்செடுத்தால் அன்றைக்கு ஒருவருடைய வலியும் இருந்த இடத்தை விட்டு அசையாது. கிண்டலடிக்க வந்தவர்களிடம் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள் என்றால் போதும், வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் இரண்டு பேர் மறுநாளே திரும்பி வந்து பெயர் கொடுத்தார்கள். வலி திரும்பும்போது போன வீட்டின் வாசம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ரொட்டி அடுப்புக்காரரிடமிருந்து வெதுவெதுப்பாக வரும். மீன்பிடிப் படகில் இருந்தவளிடமிருந்து வந்தால் உப்புக் கரிக்கும்.

குழு பெரிதானதும் லென்ஸ்காரம்மா வலியைக் கொடுப்பவர் வரிசையிலிருந்து தன் பெயரை மட்டும் எடுத்துவிட்டாள். நடத்துகிறவளே வரிசையில் போய் நின்றால் நன்றாகவா இருக்கும் என்று ஒரு வீம்பு. தன் இடது கன்னத்து வலி போதாதென்று வலது கன்னத்தில் தினம் ஏழெட்டுப் பேருடையதை வாங்கிக்கொண்டாள். முறைப்பட்டியலையும் ஒற்றை ஆளாகப் போட்டாள். ஆள் பாதியாக இளைத்தாள். கடையில் ஒரே வாரத்தில் நான்கு லென்ஸ் பவர் மாறிப்போயின.

சில நாடுகளில் வெயில் காலம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அது மறந்துபோனது. சாப்பாட்டு இடைவேளை என்று அவள் குறித்து வைத்திருந்த நேரத்தில், தூரதேசத்துப் பெண் ஒருத்தி முப்பது பயணிகளோடு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். வேறொருவரின் வலி அவள் கன்னத்தில் போய் இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸை ஓரங்கட்டினாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் செய்தி வந்ததும் லென்ஸ்காரம்மா, 'முப்பது பேர் உயிரோட விளையாடிட்டேன். இத்தோட குழுவ மூடிடறேன். எல்லாரும் மன்னிச்சுக்கங்க' என்று எழுதினாள்.

முதல் பதில் பஸ்காரப் பெண்ணிடமிருந்தே வந்தது. அவள் மொழியில் என்ன வார்த்தையோ, கம்ப்யூட்டர் அதை 'அக்கா' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தது. "அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன். முறை போடற வேலைய நாங்க அஞ்சு பேர் பிரிச்சுக்கறோம், அவங்கவங்க ஊர்க் கடிகாரம் அவங்கவங்களுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு கேக்கணும். நாலு வருஷமா உங்க வலி எங்க யாருக்கும் வரவே இல்லையே, ஏன்? எங்கள நம்பலையா?"

பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து அவள் அழுதாள். கண்ணீர் இடது கன்னத்தில் இறங்கியபோது உயிரே போனது. 'சரி, எடுத்துக்கங்க' என்று எழுதினாள். மறுநாள் மூன்று மணிக்கு வலி கிளம்பியது. ஆறு பேர் கை மாறி ஐந்து மணிக்குத்தான் வீடு திரும்பியது. இடையில் அவள் டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்து முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். முன்பின் பார்க்காதவர்கள், தன் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள். தெய்வமே, என்ன மனுஷங்க என்று இருந்தது அவளுக்கு.

இப்போது தெருவில் இது யாருக்கும் அதிசயமில்லை. தபால்காரர்கூட மூன்று மணிக்கு மேல் வந்துதான் அவளிடம் பேச்சுக் கொடுக்கிறார். வேலை விட்டு வந்ததும் கணவர், பால் வாங்கியாச்சா என்று கேட்கிற குரலில், "இன்னைக்கு யார்கிட்ட இருக்கு?" என்பார்.

"பஸ்காரம்மாகிட்டங்க. இன்னைக்கு அவளுக்கு லீவு. அஞ்சு மணிக்கு வந்துடும்."

ஐந்து மணிக்கு அவள் ஃபேனை நிறுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வந்ததை வாங்கிக்கொள்கிறாள். 'பத்திரமா வந்து சேந்துச்சு, ரொம்ப நன்றி' என்று எழுதுகிறாள். பிறகு வலது கன்னத்துக்கு அடுத்தது யாருடையது என்று பட்டியலில் பார்க்கிறாள்.