எட்டாவது உறுப்பு

அக்கா கல்லூரியில் இயற்கணிதம் நடத்துபவள். தங்கை ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இயற்பியல் ஆய்வாளர். துகள்களுக்குப் பின்னால் இருக்கும் சமச்சீரை ஏழு உறுப்புகள் கொண்ட ஓர் இயற்கணிதமாக எழுதிவிடலாம் என்று தங்கை நான்கு வருடம் மாரடித்தாள். எங்கோ இடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாள்கட்டோடு வந்து நின்றாள்.

"பெருக்கல் அட்டவணைய மட்டும் பாருக்கா. பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு."

விடைத்தாள் திருத்தும் மேசையில் அக்கா மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். எந்த மூன்று உறுப்புகளையும் சுற்றுமுறையில் பெருக்கிக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். ஓரிடத்தில் வரவில்லை. மிஞ்சி நின்றதைத் தள்ளிவிடாமல், அதையே எட்டாவது உறுப்பாகச் சேர்த்துப் பார்த்தாள். அட்டவணை முழுக்கப் பொருந்தியது.

"எட்டாவதா ஒண்ணு இருக்குடி!" என்று ஃபோனில் கத்தினாள். எட்டாவது உறுப்பு என்றால், அதுவரை யாரும் தேடாத ஒரு துகள். தங்கை அழுதேவிட்டாள்.

கட்டுரை தங்கை பெயரிலும் அவளுடைய பேராசிரியர் பெயரிலும் வந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், "கவனமாக வாசித்த சகோதரிக்கு நன்றி."

தங்கையின் உரையைக் கேட்க அக்கா விடுப்புப் போட்டுப் போனாள். முன்வரிசையில் ஒருவர் கேட்டார்: "எட்டாவது எப்படித் தோணிச்சு?"

"குளிக்கும்போது பளிச்சுனு வந்துச்சு சார்."

அரங்கம் சிரித்தது. அக்காவும் சிரித்து வைத்தாள்.

மாடிப்படியில் தங்கை அவள் கையைப் பிடித்தாள். "அத்தனை பேர் முன்னாடி என்னத்தக்கா விளக்குறது? நீ போட்டது கணக்கு. அதுல துகள் இருக்குனு பாத்தது நான்தானே?"

"ஆமா" என்றாள் அக்கா. பேருந்தில் வீடு வரும் வரை அந்தப் பொடி எழுத்து வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

அடுத்த வருடம், "ஒரு தடவ பாத்துடுக்கா" என்ற வரியோடு இரண்டாவது கட்டுரை வந்தது. ஆறாம் பக்கத்தில், வரிசை மாறினால் விடையும் மாறும் இரண்டு உறுப்புகளைத் தங்கை அவசரத்தில் இடம் மாற்றியிருந்தாள். மீதி முப்பது பக்கமும் அதன் மேல்தான் நின்றது. அதைக் கண்டுபிடிக்க அக்காவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 'பரீட்சை நேரம், முடியல' என்று பதில் போட்டாள்.

அச்சாகி நான்காம் மாதம், முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளர் பிழையைப் போட்டு உடைத்தார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பேராசிரியர் கைகழுவினார். நிலையம் தங்கையின் வேலையை நீட்டிக்கவில்லை. முதல் கட்டுரையில் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் அதையும் அதற்குப் பிறகு யாரும் சீண்டவில்லை.

ஒரு நாள் மதியம் தங்கையிடமிருந்து ஃபோன் வந்தது.

"அத நீ படிச்சியா, இல்லியா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "படிச்சேன்."

"ஆறாம் பக்கம்?"

"பாத்தேன்."



"ஒரு வார்த்த சொல்லியிருந்தா இதுல உன் பேரையும் போட்டிருப்பேனேக்கா" என்றாள் தங்கை.

அக்கா ஃபோனை வைத்துவிட்டாள். நெஞ்சு ஆறும் என்றுதான் அத்தனை மாதமும் காத்திருந்தாள். ஆறவில்லை.

தங்கை இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். இருவரும் பேசி ஆறு வருடமாகிறது. அம்மா மாதத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே இருக்கிறாள். ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டில் எடுப்பதில்லை.