சேமியா ஐஸ் படையல்

அன்பரசன் குடியை விட்ட நானூத்திப் பன்னெண்டாவது நாள், அவன் அப்பனுக்குப் பதினாறாம் நாள் காரியம் வந்து சேர்ந்தது. அவங்க வகையறாவுல ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்குப் பிடிச்சதையெல்லாம் இலையில வெச்சு, கற்பூரம் காட்டி, மூத்த மகன் ஒவ்வொண்ணுலயும் முதல் வாய் எடுக்கணும். அப்பன் பேரு மண்ணாங்கட்டி; அவருக்கு என்ன பிடிக்கும்னு அடி அண்ணாமலை ஊரு முழுக்கத் தெரியும். பிராந்தி.

"நாக்குல பட்டா போதும்டா, முழுங்கக்கூட வேணாம்"னு காசி சித்தப்பா முந்தின நாளே சொல்லிட்டாரு.

ஒரு வாய்னா என்னன்னு அன்பரசனுக்கா தெரியாது? மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏழு மாசம் சுத்தமா இருந்தவன், முனீஸ்வரனுக்குப் படைச்ச சாராயத்துல ஒரு வாய் வாங்கிக்கிட்டான். சாமிக்குப் படைச்சது குடியில சேராதுன்னு நெனச்சான், மடையன். நம்ம பக்கத்துல இந்த நெனப்புல கவுந்தவங்க கொஞ்சநஞ்சமா? மறுநாள் காலையிலயே கடை வாசல்ல நின்னான். அந்த மாசமே ஆட்டோவைச் செங்கம் ரோட்டுல கவுத்தான். பொண்டாட்டி எழிலரசி பொண்ணைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அப்புறம் அவன் குடியை விட்டு ஆறு மாசம் தாங்கினதைப் பாத்துட்டுத்தான் திரும்பி வந்தா. வாசப்படியில நின்னுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னா: "இன்னொரு வாட்டி உங்கிட்ட அந்த வாடை அடிச்சா, என்னைத் தேடி வராத."

எப்படி விட்டான்னு கேக்கறீங்களா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில ஒரு ஜெபவீடு இருக்கு. ஒருநாள் சவாரி இறக்கிவிட்டவன், பாட்டுச் சத்தம் கேட்டு ஏறிப் போயிட்டான். குடிச்ச வாயோட வந்தவனை யாரும் வெளிய போன்னு சொல்லல. அதுவே அவனுக்குப் புதுசு. பாஸ்டர் தலையில கை வெச்சு ஜெபிச்சுட்டு, "எத்தனை மணிக்குப் பிரதர் கை நடுங்கும்?"னு கேட்டாரு. சாயந்தரம் ஆறரைன்னான். "ஆறரை ஆனதும் நடங்க. ஏசப்பா கூட நடப்பாரு"ன்னாரு. திருவண்ணாமலையில நடன்னா எங்க நடக்கிறது? மலையைச் சுத்தித்தான். தினமும் ஆறரைக்குக் கிரிவலப் பாதையில இறங்கி, "ஏசப்பா, இன்னைக்கு மட்டும்"னு சொல்லிக்கிட்டே நடுக்கம் நிக்கிற வரைக்கும் நடந்தான். ஊரு சிரிச்சது. சிரிச்சா சிரிக்கட்டும், மலை ஒண்ணும் சொல்லலையே.

அதே பாஸ்டர்தான், "படையலுக்குப் போகாதீங்க பிரதர்"னு இப்ப சொன்னாரு. "எங்கப்பன் காரியத்துக்கு நான் போகாம வேற எவன் போவான்?"னு கேட்டுட்டு வந்துட்டான். ஆண்டவர்கிட்ட நேராப் பேசிக்கலாம்னு அவனுக்கு ஒரு தைரியம்.

மத்தியானம் இலை போட்டாச்சு. வடை, கறிக்குழம்பு, முட்டை, ஓரத்துல பிராந்தி பாட்டில். கற்பூரம் காட்டப் போற நேரத்துல அன்பரசன் ஆட்டோவுல ஐஸ் டப்பாவுல வெச்சிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துட்டு வந்து பிரிச்சான். ரோஸ் கலர் சேமியா ஐஸ், குச்சியோட. இலையில வெச்சான்.

"என்னடா இது? எங்கண்ணன் என்ன சின்னப் புள்ளையா?"

"ஆஸ்பத்திரியில பதினோரு நாள் பக்கத்துல இருந்தது நான். வயிறு வீங்கிக் கெடந்தாரே, ஒருநாள்கூடப் பிராந்தி கேக்கல சித்தப்பா. தினம் இதைத்தான் கேட்டாரு. நீங்க வந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

காசிக்கு முகம் சிவந்துபோச்சு. கற்பூரம் எரிஞ்சு அடங்கினதும் டம்ளர்ல ஊத்தி நீட்டினாரு. அன்பரசன் கையைக் கட்டிக்கிட்டான்.

"ஏசு கட்சிக்குப் போனதும் பெத்தவன் வேணாமாடா உனக்கு?"

"ஏசப்பா இல்லன்னா அப்பனுக்கு முன்னாடியே நான் போயிருப்பேன். கொள்ளி வெக்க நீங்க வேற ஆளைத்தான் தேடியிருக்கணும்."

சித்தப்பா அவன் தாடையைப் பிடிச்சு டம்ளரை வாயில அழுத்தினாரு. அன்பரசன் பல்லைக் கடிச்சு, உதட்டை இறுக்கிக்கிட்டான். அம்புட்டும் மீசையில வழிஞ்சு, சட்டையில எறங்குச்சு. பொய் எதுக்குச் சொல்லணும், ஒடம்பு கேட்டுச்சு. மீசையை ஒரு தடவை நக்குனா போதும்னு நாக்கு துடிச்சுச்சு. ஏசப்பா, இன்னைக்கு மட்டும், இந்த நிமிஷம் மட்டும். துண்டை எடுத்து மூஞ்சியை அழுந்தத் தொடைச்சான். இலையில உருகிக்கிட்டிருந்த சேமியா ஐஸை எடுத்து எல்லாரும் பாக்க ஒரே மூச்சுல தின்னான்.

"முதல் வாய் எடுத்தாச்சு. அப்பனுக்கு நான் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன்."

சத்தம் கேட்டு, தோட்டத்துல சமைச்சிட்டிருந்த எழிலரசி கரண்டியோட ஓடி வந்தா. அவன் பக்கத்துல வந்ததும் நின்னுட்டா. வாடை குப்புன்னு அடிச்சது. அவ முகத்துல உசிரே இல்ல.

"நான் குடிக்கல"ன்னான் அன்பரசன்.

இதையே நூறு வாட்டி சொல்லியிருக்கான், நூறு வாட்டியும் பொய். அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சுத்தி முப்பது சொந்தக்காரங்க நின்னாங்க. ஒருத்தனாவது வாயைத் தொறக்கணுமே, ம்ஹூம்.

"நாக்கை நீட்டு"ன்னா எழிலரசி.

நாப்பது வயசு ஆம்பள, அத்தனை பேர் முன்னாடி நாக்கை நீட்டினான். ரோஸ் கலர். கிட்ட வந்து மோந்து பாத்தா. பாலும் ரோஸ் எசன்ஸும்தான் மணந்தது. அவ கண்ணு கலங்கிப்போச்சு. அப்புறம் பாட்டிலை எடுத்து காசி கையில வெச்சா.

"எங்க மாமா இதுக்கு உசிரையே குடுத்துட்டாரு, இதுக்கு மேல அவருக்கு எதுக்கு? பிடிச்சவங்க வெச்சுக்குங்க, சின்ன மாமா."

சாயந்தரம் ஆறரை ஆச்சு. "சட்டையை மாத்திட்டுப் போ"ன்னா எழிலரசி.

"மாத்த மாட்டேன். நான் குடிச்ச காலத்துல மோந்த ஊருதானே? இன்னைக்கும் மோக்கட்டும்."

அவ செருப்பை மாட்டிக்கிட்டு, "நடங்க, நானும் வரேன்"னா. அவ மரியாதையா பேசி வருஷக்கணக்காச்சு.

கிரிவலப் பாதையில டீக்கடைகிட்ட போறப்ப, பெஞ்சுல இருந்த ஊருக்காரன் வேணு மூக்கைச் சுளிச்சான். "என்ன அன்பு, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

நாக்குல இருந்த ரோஸ் கலர் எப்பவோ போயிருக்கும். அதனால என்ன? அன்பரசன் நடு ரோட்டுல நின்னு, பொண்டாட்டி பக்கத்துல இருக்க, நாக்கை முழுசா நீட்டிக் காட்டிட்டு நடந்தான்.