நகம் கடிப்பவருக்கு மனவசியம்

பிஸ்கட் ஆலையில் அவருக்குச் சந்தேகப்படுவதே உத்தியோகம். ஓடும் பட்டையிலிருந்து ஒரு பாக்கெட்டை உருவி, எடை போட்டு, பிரித்து, முகர்ந்து, ‘என்னை ஏமாற்ற முடியாது’ என்ற முகத்தோடு உடைத்துப் பார்க்கும் தரப் பரிசோதகர். ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கை சும்மா இருக்கும் நேரத்தில் நகம் கடிப்பார். இதைச் சுகாதார அதிகாரியம்மா இரண்டு முறை பார்த்துவிட்டார். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

வழி சொன்னவர் மனைவியின் அண்ணன். யாருக்கு எந்த இடத்தில் வலித்தாலும் அந்த இடத்துக்கென்று ஓர் ஆளைத் தெரிந்து வைத்திருக்கும் மகானுபாவர்.

“மனவசியம் மாப்ள! ஒரே ஒரு தடவை கண்ணை மூடினா போதும். என் சிகரெட் போன இடம் தெரியல.”

“சட்டைப் பையில எட்டிப் பாக்குதே, அது என்ன மச்சான்?”

“அது வேற பிராண்டு.”

செருப்புக்கடை மாடியில் நிபுணரின் அறை. சுவரில் பதினோரு சான்றிதழ்கள். பரிசோதகர் கைகட்டி நின்று எல்லாவற்றையும் வாசித்தார். ஏழில் வாங்கியவரும் நிபுணரே, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரும் நிபுணரே.

“உங்க ஆழ்மனசோட பேசப் போறேன்” என்றார் நிபுணர், தேனில் ஊறிய குரலில்.

“வீட்ல இருக்கான்னு பாத்துட்டுப் பேசுங்க.”

“சும்மா இருங்களேன்” என்று மனைவி முழங்கையால் இடித்தாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. இமை கனக்கிறது என்றார் நிபுணர், கனக்கவில்லை. உடம்பு மிதக்கிறது என்றார்; முதுகுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங் குத்திக்கொண்டிருந்தது. “இனிமே உங்க விரல் உதட்டுக்கிட்ட வந்தா, அங்கேயே நின்னுடும்.” கீழே யாரோ ஒன்பதாம் நம்பர் செருப்பு கேட்பதுகூடத் தெளிவாகக் காதில் விழுந்தது. ஆனால் பக்கத்தில் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே! அவளுக்காகத் தலையைத் தொங்கப்போட்டார். இழுத்து இழுத்து மூச்சு விட்டார். எழுப்பியதும், பிறந்த கன்றுக்குட்டி மாதிரி திருதிருவென்று விழித்தார்.

“முகமே மாறிடுச்சுங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிபுணரும் தன் திறமையைத் தானே ஆமோதித்துத் தலையாட்டினார்.

மூன்று வாரம் அவர் நகம் கடிக்கவில்லை. வசியமாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாம் வேலை போய்விடுமென்ற பயம் என்று முடிவு கட்டினார். நகங்கள் வளர்ந்தன. ரயிலில் யாரோ ‘கொஞ்சம் பாத்துக்குங்க’ என்று விட்டுப்போன பெட்டியைப் போல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளர்ந்ததை வெட்ட வேண்டும் என்பது மட்டும் உறைக்கவில்லை. நாற்பத்தாறு வயதுவரை அந்த இலாகாவைப் பற்களே கவனித்து வந்திருந்தன.

திங்கட்கிழமை பேக்கிங் கூடத்து வாசலில் அதிகாரியம்மா. “கையை நீட்டுங்க.”

பெருமையாக நீட்டினார்.

“என்னங்க இது, மண்வெட்டியா? இதோட உள்ள விட முடியாது. அஞ்சு நிமிஷம் தரேன், வெட்டிட்டு வாங்க.”

எதால் வெட்டுவது? பிஸ்கட்டில் விழுந்துவிடும் என்று குண்டூசி, நகவெட்டி எதையும் ஆலைக்குள் விடுவதில்லை. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டார். இங்கே பார்க்க யார் இருக்கிறார்கள்? முப்பத்திரண்டும் அனுபவசாலிகள், இரண்டு நிமிட வேலை. கட்டைவிரலை உயர்த்தினார்.

உதட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் விரல் நின்றது.

இடது கையால் வலது மணிக்கட்டைத் தள்ளினார். நகரவில்லை. சரி, வாயையாவது கொண்டுபோவோம் என்று குனிந்தார். வாய் நெருங்க நெருங்க விரல் பின்வாங்கியது. கண்ணாடியில் ஒருவர் தன்னோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“நடிப்புதானேடா அது!” என்று விரலை அதட்டினார்.

தூங்கவில்லை. சத்தியமாகத் தூங்கவில்லை. அப்படியென்றால் இது வெளியே நிற்கும் அதிகாரியம்மாவைப் பற்றிய பயமா, அந்தத் தேன்குரல் ஆசாமியின் வேலையா? பிஸ்கட் என்றால் உடைத்துப் பார்த்துவிடலாம்.

பத்து நகங்களோடும் வெளியே வந்தார்.

“முடியல மேடம். கை வர மாட்டேங்குது.”

அதிகாரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்; மறுபடி புரட்டினார்.

“நகம் கடிச்சிருந்தா மூணாவது” என்றார் கடைசியில், கைக்கு வந்தது நழுவிய வருத்தத்தோடு. “நகம் வளர்த்தது வேற குற்றம். இதுக்கு இதான் முதல் எச்சரிக்கை. கையெழுத்துப் போடுங்க. இன்னிக்கு உள்ள வராதீங்க, வெளியில அட்டைப்பெட்டியப் பாருங்க.”

கடிதத்தில் எங்காவது ‘மூன்று’ ஒளிந்திருக்கிறதா என்று இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார்.

“வேலை தப்பிச்சுது. கை வாய்க்கிட்ட போகவே மாட்டேங்குது.”

“பாத்தீங்களா! இருங்க, அண்ணனுக்குச் சொல்றேன்.”

“அய்யய்யோ, அவர்கிட்ட சொல்லிடாத. இன்னும் ஊர்ஜிதமாகல.” கொஞ்சம் தயங்கிக் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, நகவெட்டியை எந்தப் பக்கமா அமுக்கணும்?”