அடித்தகடு

"விரல் நுழையணுமாம்" என்றாள் அம்மா, வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றபடி.

"எதுக்குள்ள?"

"தகட்டுக்கும் வண்டித் தரைக்கும் நடுவுல. நீ ஒட்ட வச்சு முடுக்கிட்டியாம். கழட்டி மறுபடி மாட்டணுமாம்."

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மகள் ஸ்பேனரைக் கீழே போட்டாள். கண்ணில் விழுந்த துருவைத் துடைக்கப் போய், கையிலிருந்த கரியையும் சேர்த்து அப்பிக்கொண்டாள்.

"உள்ள படுக்கையில கிடக்கிற அப்பாவுக்கு நான் எப்படி மாட்டினேன்னு எப்படித் தெரியும்?"

"கேட்டாரு. நம்ம பொண்ணு துளி இடைவெளி விடாம, தரையோட ஒட்டி அம்சமா மாட்டிட்டாங்கன்னு பெருமையாச் சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டாரு. காலையில இருந்து தண்ணி டம்ளரைப் பிடிக்கக் கை வரலை. அடிச்சுக்க மட்டும் வந்துச்சு."

வாயைத் திறந்தால் மகளுக்குக் கெட்ட வார்த்தைதான் வரும் போலிருந்தது.

அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது. இன்றைக்கே கொண்டு வந்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் விடிந்ததுமே போனில் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட மகள் போனைக் கையில் எடுத்த பிறகுதான் அப்பா கண்ணைத் திறந்தார்.

"நம்ம வண்டியில வர்றேன்."

"சரிப்பா. கிளம்புங்க."

"இப்படியே எப்படி? அம்மா கால் வைக்கிற இடத்தைச் சரி பண்ணு. பண்ணிட்டுக் கூப்பிடு, வர்றேன்."

முதலில் அவர் ஏதோ உளறுகிறார் என்றுதான் நினைத்தார்கள். உளறவில்லை. மகள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கொஞ்சம் அழுதும் பார்த்தாள். "என் காலுக்கு என்னங்க இப்போ? நான் பின்னால உக்காந்து வர்றேன்" என்றாள் அம்மா. "பின்னால முட்டை ஏத்துற இடம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பெண்களால் அவரைத் தூக்க முடியாது என்றில்லை. அவ்வளவுக்கு இளைத்துப் போயிருந்தார். ஆனால் வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டவரைத் தொட்டுத் தூக்கும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. சாவு வாசலில் நிற்கும்போதும் பழைய அதிகாரம் பழைய அதிகாரமாகவே இருந்தது.

கடைகளுக்கு முட்டை போடுவது அவர் தொழில். அந்தச் சின்ன வேனை அவர் ஓட்டுவார், அம்மா பக்கத்து சீட்டில், மடியில் ஒரு அடுக்கு முட்டைத் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். சைலன்சர் குழாய் சரியாக அவள் பாதங்களுக்கு நேர் கீழே போயிற்று. கடை கடையாக நின்று நின்று போகும்போது தரை அடுப்பாகக் காயும். இதற்கு அவர் செய்த வைத்தியம் ஒன்றுதான்: மேலே எதையாவது போடுவது. முதலில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டார். அது உருகி நாறியதும் அதன் மேல் பிளைவுட். பிளைவுட் கருகியதும் டின்னை வெட்டி விரித்த தகரம். தகரம் சுட்டதும் பழைய கம்பளி, அதற்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் இன்னொரு பிளைவுட். அடுக்கு ஏற ஏற அம்மாவின் முழங்கால்களும் ஏறின. கடைசிக் காலத்தில் முட்டைத் தட்டு அவள் மூக்குக்கு நேரே இருந்தது. தட்டுக்கு மேலே கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு வருவாள். "விட்டா குஞ்சு பொரிச்சே கொண்டு வந்துடுவீங்க போலிருக்கே" என்று கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "அடுத்த வாரம் வண்டியை ஒர்க்ஷாப்ல விட்டுடப் போறேன்" என்பார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

காலையில் மகள் அந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தாள். கடைசியில் இருந்த ரப்பர் விரிப்பு கையோடு பொடிப்பொடியாக வந்தது. அதற்குக் கீழே தரை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. தவிட்டு நிறத்தில் செதில் செதிலாக வெந்து கிடந்த இரும்பை விரலால் தட்டினாள். விரல் உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாகக் கீழே மண்ணும், அதில் எதையோ இழுத்துக்கொண்டு போகும் ஓர் எறும்பும் தெரிந்தன.

அடுத்த தெரு வெல்டர் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். அவரும் அப்பாவும் வாலிபத்திலிருந்தே சண்டை போட்டு வருகிற நண்பர்கள்.

"யோவ் முட்டை!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். "சூடு கீழே இருந்து வருது, நீ மேலே போர்த்திக்கிட்டே இருந்தா? காய்ச்சக்காரனுக்குப் போர்த்துற மாதிரி போர்த்தி வச்சிருக்கே. உள்ளேயே புழுங்கிப் புழுங்கி இரும்பையே தின்னுடுச்சு!"

உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அம்மா ஓடிப்போய்க் கேட்டு வந்தாள்.

"உன் வேலையைப் பாருன்னு சொல்றாரு."

"இந்த நிலைமையிலயும் திமிரைப் பாருங்க அண்ணி."

பெட்ரோல் குழாயின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வெந்த இரும்பை வெட்டி எடுத்து, புதுத் துண்டை வைத்துப் பற்றவைத்தார். பிறகு குனிந்து அடியில் பார்த்தவர், அப்படியே வெகுநேரம் குனிந்திருந்தார்.

"சைலன்சர் குழாய்க்கு மேல சூட்டைத் தடுக்க ஒரு தகடு இருக்கணுமே, கம்பெனியிலேயே போட்டு வர்றது. அது எங்க? விழுந்த மாதிரியும் தெரியலை. நாலு போல்ட்டையும் பதமாக் கழட்டி எடுத்திருக்கு."

அம்மா மறுபடி உள்ளே போனாள். வெளியே வரும்போது அவள் முகம் சிவந்திருந்தது.

"நான் சத்தம்னு சொன்னேனாம்."

"என்னது?"

"வண்டி வாங்கின புதுசுல, அடியில என்னமோ லொடலொடங்குது, தலை வலிக்குதுன்னு சொன்னேனாம். அந்தத் தகடுதான் ஆடிட்டிருந்துச்சாம். கழட்டிப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டாராம். எனக்கு ஞாபகம்கூட இல்லை. சொல்லியிருப்பேன், தலைவலியில ஆயிரம் சொல்லுவேன். சத்தம்னுதானே சொன்னேன்? கழட்டிப் போடுங்கன்னா சொன்னேன்?"

யாரும் பதில் சொல்வதற்குள் திரும்பி உள்ளே போய்விட்டாள். ஜன்னல் வழியாக அவள் குரல் மட்டும் வந்தது. "இத்தனை வருஷமா என் காலு வெந்துச்சே, அப்போ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? நான் மாட்டச் சொல்லியிருக்க மாட்டேனா? சத்தமாவது மண்ணாவது! அடுத்த வாரம் அடுத்த வாரம்னு என்னைப் பைத்தியக்காரி ஆக்கினதுக்கு இதுதான் காரணமா? சொல்ல வெட்கமா?"

அவர் என்னவோ சொன்னார். வெளியில் கேட்கவில்லை. அம்மாவின் குரல் பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அதற்குள் வெல்டர் புதுத் தகடு ஒன்றை வெட்டி மகளிடம் கொடுத்திருந்தார்.

"என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லை. நீ மாட்டு."

மகள் முதல் தடவை ஒட்ட வைத்து மாட்டியது, அதை அம்மா போய்ப் பெருமையடித்தது எல்லாம் இதற்குப் பிறகுதான். இப்போது வெல்டர் ஒரு குழாயைக் குட்டிக் குட்டித் துண்டுகளாக அறுத்துக் கொடுத்தார். "இதை நடுவுல வச்சு போல்ட்டை ஏத்தும்மா. தகட்டுக்கும் தரைக்கும் இடையில காத்து ஓடணும். ஒட்டி வச்சா தகடு சுட்டு, தரையும் சேர்ந்து சுடும். இதை நானே பார்த்துச் சொல்லியிருக்கணும். வெல்டிங் மிஷினை மூட்டை கட்டிட்டிருந்துட்டேன்."

மகள் மறுபடி அடியில் படுத்தாள். ஒரு துண்டை வைத்தால் இன்னொன்று நழுவி விழுந்தது. வலது கையால் தகட்டைத் தாங்கி, இடது கையால் துண்டைப் பிடித்து, போல்ட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அம்மா அதை அவள் காதில் வைத்தாள்.

"கிளம்பிட்டீங்களா?" என்றார் டாக்டர்.

மகள் போல்ட்டைத் துப்பினாள். "கிளம்பிட்டே இருக்கோம் டாக்டர். வண்டியிலதான் இருக்கேன்."

சொன்னதில் பொய் இல்லை. வண்டியில்தான் இருந்தாள், கொஞ்சம் கீழே.

முடிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் அறைக்குள் போனாள். அப்பாவின் மூச்சு துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

"முடிஞ்சுதுப்பா. விரல் நுழையுது. ரெண்டு விரல்கூட நுழையும். எழுந்திருங்க."

"ஓட்டிப் பார்த்தியா?"

"அப்பா!" வீடே அதிர்ந்தது. "என்ன விளையாடுறீங்களா? அங்க டாக்டர் காத்திட்டிருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போறப்போ ஓட்டித்தானே போகப் போறோம், அப்போ தெரிஞ்சுட்டுப் போகுது!"

அவர் காத்திருந்தார். அவள் கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்த மாதிரியும் இருந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்த மாதிரியும் இருந்தது.

"மேட்டு ரோடு வரைக்கும் போ. ஏறினாத்தான் குழாய் நல்லாக் காயும். திரும்பி வந்து வாசல்ல நிறுத்து. எஞ்சினை அணைச்சுடாதே. ஓடும்போது காத்து அடிக்கும், தெரியாது. நின்னாத்தான் சூடு ஏறும்." மூச்சு வாங்கியது. "அம்மாவைக் கூட்டிட்டுப் போ. அவ காலுக்குத்தான் தெரியும்."

"நான் எங்கயும் வரலை" என்றாள் அம்மா.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளுக்கு அந்த அறையில் தான் இல்லாதது போல இருந்தது.

"போயிட்டு வந்துடுங்க அண்ணி" என்றார் வெல்டர், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "இல்லேன்னா இவன் சாயந்திரம் வரைக்கும் இப்படியே பேரம் பேசுவான். நான் இருக்கேன்."

அம்மா போர்வையை இழுத்து அவர் கால் வரைக்கும் மூடிவிட்டாள். தலையணையைச் சரி செய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் சரி செய்தாள்.

"நேரமாகுது" என்றார் அவர்.

வண்டியில் ஏறியதும் அம்மாவுக்குத் தன் இடமே பிடிபடவில்லை. பழக்கத்தில் முழங்காலைத் தூக்கி உட்கார்ந்தாள். கால் வைக்க அங்கே ஒன்றும் இல்லை. மெல்ல இறக்கினாள். பாதம் வெகுதூரம் கீழே போய்த் தரையைத் தொட்டது.

"கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்கு" என்றாள்.

மகள் கியரைப் போட்ட வேகத்தில் வண்டி குதித்தது. எதிரே வந்த சைக்கிள்காரனுக்கு, ஒதுங்கி நின்றவனுக்கு, யாருமே இல்லாத திருப்பத்துக்கு எல்லாம் ஹாரன் அடித்தாள்.

"சுடுதா?"

"இல்லை."

"நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. அப்புறம் இன்னொரு தடவை போன்னு அனுப்புவாரு."

"இல்லைன்னா இல்லைதான்."

மேடு வந்தது. எஞ்சின் முக்கிக்கொண்டு ஏறியது. எப்போதும் அங்கே வரும் கருகல் நாற்றம் வரவில்லை. புதிதாகப் பற்றவைத்த இரும்பின் வாசனை மட்டும் லேசாக வந்தது. மேட்டின் உச்சியில் வண்டியைத் திருப்பும்போது அம்மா தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு காலை வேளை வேலை" என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒரே ஒரு காலை. அதை இன்னைக்குன்னு பார்த்துப் பிடிச்சாரு பாரு." மகள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

"மெதுவாப் போ."

"எப்படிம்மா மெதுவாப் போறது? அவரைத் தூக்கி உக்கார வச்சு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள..."

"மெதுவாவே போ" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. அதனால்தான் மகளின் கால் தானாகத் தளர்ந்தது. வண்டி இறக்கத்தில் தன் பாட்டுக்கு இறங்கியது.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்ன வெல்டர் வெளியே நின்றிருந்தார். வண்டி உள்ளே வர வசதியாக வாசல் கதவின் இரண்டு பக்கங்களையும் அகலத் திறந்து, ஒரு பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கதவு காற்றில் ஆடவில்லை. பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். கை சாவிக்குப் போனது.

"அணைக்காதே" என்றாள் அம்மா.

"அம்மா..."

"நின்னாத்தான் ஏறும்னாரு."

மகள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெல்டர் கதவை விடவுமில்லை, கிட்டே வரவுமில்லை. அம்மா குனிந்து செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு வெறும் பாதங்கள் இரண்டையும் புதுத் தரையில் முழுதாகப் பதித்து, முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.